சங்கரதாஸ் சுவாமிகள்: ஓர் ஆசுகவியின் கையெழுத்து

ஆசு, மதுரம், சித்திரம், வித்தாரம் என்று கவிகளை நான்காகப் பகுப்பது நம் மரபு. கேட்டவுடன் பாடுவது ஆசுகவி. நான்கில் அதைத்தான் முதலாவதாகச் சொல்கிறார்கள். ஆனால் இலக்கிய வரலாறு எழுதும்போது அதற்குக் கிடைப்பது என்னவோ கடைசி இடம்தான். வரலாறு ஏட்டை நம்பி எழுதப்படுவது. ஆசுகவி ஏட்டுக்கு வெளியே நிகழ்வது. 15-ஆம் நூற்றாண்டின் காளமேகம் நமக்குத் தனிப்பாடல் திரட்டின் வழியே கிடைக்கிறார். அங்கும் ஒவ்வொரு பாடலும் ஒரு கதையைத் தோளில் சுமந்துகொண்டுதான் வருகிறது. யார் கேட்டார், என்ன சொல் கொடுத்தார், எந்தச் சபை, யார் தலைகுனிந்தார் என்ற விவரங்களை நீக்கிவிட்டுப் பாடலை மட்டும் வாசித்தால் பாதி அழகு போய்விடுகிறது. திருமலைராயன் பட்டினத்தில் அவர் எமகண்டம் பாடிய கதையில் நம்மைப் பிடித்து நிறுத்துவது வெண்பாவின் நயம் மட்டுமல்ல, கீழே எரியும் நெருப்பும்தான்.

இத்தாலியிலும் இப்படி ஒரு மரபு இருந்தது. 'இம்ப்ரொவ்விசத்தோரே' என்று அவர்களுக்குப் பெயர். கொரில்லா ஒலிம்பிகா என்ற புனைபெயரால் அறியப்பட்ட மரியா மதலேனா மொரெல்லிக்கு 1776-இல் ரோம் நகரின் கேபிட்டல் குன்றில் புலவர் முடி சூட்டினார்கள். பெத்ரார்க்குக்குச் சூட்டிய அதே இடம். அவருக்குப் பின் வந்த தொமாசோ ஸ்க்ரிச்சி (1789-1836) இன்னும் ஒரு படி மேலே போனவர். அவையோர் கொடுக்கும் தலைப்பை வைத்துக்கொண்டு, எல்லாப் பாத்திரங்களையும் தாமே ஏற்று, ஒரு முழுத் துன்பியல் நாடகத்தை மேடையில் நின்றபடியே செய்யுளில் பாடி நடித்துவிடுவார். 1821-இல் பீசா நகரில் அவரைப் பார்த்த ஷெல்லி வியந்துபோனார். பிறகு சுருக்கெழுத்தாளர்களை உட்காரவைத்து அவர் பாடியதைப் பதிவுசெய்து அச்சிட்டார்கள். அந்த அச்சுப் பிரதியை இன்று தேடிச் செல்பவர்கள் பெரும்பாலும் ஆய்வாளர்களே. ஷெல்லியை வியக்கவைத்தது எதுவோ, அது சுருக்கெழுத்துக்குள் வரவில்லை.

தமிழில் இவர்களுக்கு இணையாக, கவியாகவும் மேடைக் கலைஞராகவும் ஒருசேர வாழ்ந்தவர் யார் என்று யோசித்தால் எனக்குத் தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகளின் பெயர்தான் முதலில் வருகிறது. ஆனால் அவரை நினைக்கும்போதெல்லாம் ஒரு கேள்வியும் கூடவே வருகிறது. நினைத்த மாத்திரத்தில் பாடக்கூடிய ஒருவர் ஏன் தம் வாழ்நாளின் பிற்பகுதி முழுவதையும் எழுதிவைப்பதிலும், எழுதியதைப் பிறர் நாவில் ஏற்றுவதிலும் கழித்தார்?

இந்தக் கேள்வி எனக்கு ஏட்டுக் கேள்வி அல்ல. அதற்கு வருவதற்கு முன் அவர் வாழ்க்கையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

1867-ஆம் ஆண்டு செப்டம்பர் 7-ஆம் நாள் தூத்துக்குடியை அடுத்த காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர். இயற்பெயர் சங்கரன். தந்தை தாமோதரக் கணக்கப்பிள்ளை இராமாயணத்தில் தேர்ந்த புலமை உடையவர். முதல் ஆசான் அவர்தான். பின்னர் பழனி தண்டபாணி சுவாமிகளிடம் தமிழ் பயின்றார். வெண்பா, கலித்துறை, வண்ணம் எல்லாம் இளமையிலேயே கைவந்துவிட்டன. வயிற்றுப்பாட்டுக்குக் கிடைத்தது உப்புப் பண்டகசாலையில் கணக்கர் வேலை. 24-ஆம் வயதில் அதை விட்டுவிட்டு நாடகத்துக்கு வந்தார். சென்னையில் பம்மல் சம்பந்த முதலியார் சுகுண விலாச சபையைத் தொடங்கியதும் அதே 1891-ஆம் ஆண்டுதான். அங்கே படித்த கனவான்கள் ஓய்வு நேரத்தில் நாடகம் நடித்தார்கள். இங்கே ஒருவர் சோற்றுக்கு வழிசெய்த கணக்கு வேலையை உதறிவிட்டு, கூத்தாடி என்ற இளக்காரச் சொல்லைத் தேடிப் போய் ஏற்றுக்கொண்டார்.

நடிகராக அவர் ஏற்றவை அச்சமூட்டும் வேடங்கள். எமன், இராவணன், இரணியன், சனீசுவரன். இவற்றைப் பற்றி இரண்டு செய்திகள் நாடக உலகில் வழிவழியாகச் சொல்லப்படுகின்றன. சாவித்திரி நாடகத்தில் அவர் எமனாகத் தோன்றிப் போட்ட கூச்சலில் அவையில் இருந்த ஒரு பெண்ணின் கரு கலைந்தது என்பது ஒன்று. நளதமயந்தியில் சனீசுவரன் வேடமிட்டு, விடியுமுன் ஒப்பனை கலைக்க நீர்நிலைக்குப் போனவரைக் கண்ட ஒரு பெண் அந்த இடத்திலேயே அதிர்ச்சியில் இறந்தாள் என்பது மற்றொன்று. இதற்குப் பின் அவர் வேடம் கட்டுவதையே விட்டுவிட்டார் என்கிறார்கள். கதையில் எவ்வளவு உண்மை என்பது இருக்கட்டும். தம் கலையின் வலிமையைக் கண்டு தாமே அஞ்சிய ஒரு கலைஞரை நாடக உலகம் நினைவில் வைத்திருக்கிறது என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது. சில காலம் தலயாத்திரை. காவி. சங்கரதாஸ், சங்கரதாஸ் சுவாமிகள் ஆனார். திருமணம் செய்துகொள்ளவில்லை. கஞ்சிராவின் தந்தை என்று போற்றப்படும் புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளை அவரை மகனாகவே பாவித்துத் தம்முடன் வைத்துக்கொண்டார். லயத்தில் பிள்ளைக்கு இருந்த ஆழம் சுவாமிகளின் சந்தப் பாடல்களில் இறங்கியது.

பின்னர் மீண்டும் நாடகம். இம்முறை ஆசிரியராக. 1910-இல் சமரச சன்மார்க்க நாடக சபையைத் தொடங்கினார். எஸ்.ஜி. கிட்டப்பா பயின்ற சபை அது. 1918-இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை. அதில் ஆறு வயதுச் சிறுவனாகச் சேர்ந்த தி.க. சண்முகம் பின்னாளில் 'எனது நாடக வாழ்க்கை' என்ற நூலில் தம் ஆசிரியரைப் பற்றி எழுதியிருக்கிறார். சுவாமிகளைப் பற்றி இன்று நமக்குத் தெரிந்தவற்றில் பெரும்பகுதி அந்த மாணவர் தந்தது. எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் அட்டை கிழிந்த நிலையில் அந்த நூல் இருந்தது.

அபிமன்யு சுந்தரி நாடகத்தைச் சுவாமிகள் ஒரே இரவில் எழுதினார் என்பது அவரைப் பற்றிய செய்திகளில் புகழ்பெற்றது. நான்கு மணி நேரம் நடிக்கக்கூடிய நாடகம். பாட்டும் வசனமும் சேர்ந்தது. அடித்தல் இல்லை, திருத்தல் இல்லை. இதை எழுத்து என்று சொல்வதா? ஓர் ஆசுகவி விளக்கடியில் தனியே உட்கார்ந்து பாடியிருக்கிறார். கை அதைப் பின்தொடர்ந்து ஓடியிருக்கிறது. ஸ்க்ரிச்சிக்கு வேண்டியிருந்த சுருக்கெழுத்தாளரின் வேலையை இங்கே அவர் கையே செய்திருக்கிறது. ஒரே ஒரு வேறுபாடு. ஸ்க்ரிச்சிக்கு எதிரே அவை இருந்தது. சுவாமிகள் அந்த இரவில் பாடியது, அடுத்த நாள் காலையில் அதை மனப்பாடம் செய்யப்போகும் சிறுவர்களுக்காக.

இனி என் கேள்வி. சவ்வாது மலையடிவாரத்தில் உள்ள ஆலங்காயத்தில் வளர்ந்தவன் நான். சுவாமிகளின் நாடகங்கள் மதுரை, புதுக்கோட்டை, சிவகங்கை, ராமநாதபுரம் பக்கத்துச் செல்வம். எங்கள் வடபகுதியில் தெருக்கூத்துதான். திரௌபதியம்மன் கோயில்களில் பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து, முடிவில் துரியோதனன் படுகளம். என் தாய்மாமன் நிலக்கடலை பயிரிட்டவர். கூத்து நாட்களில் கட்டியக்காரன். கூத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், கட்டியக்காரன்தான் கூத்தின் உயிர். திரைக்குப் பின்னால் நிற்கும் ராஜாவை யார் நீ என்று கேட்பவன் அவன். தூதன், சேவகன், மந்திரி, ஊர்க்காரன் எல்லாம் அவனே. துரியோதனன் அரண்மனையில் நின்றுகொண்டு, நேற்று வாணியம்பாடிச் சந்தையில் கடலை விலை சரிந்ததைப் பற்றிப் பேச அவனுக்கு மட்டுமே உரிமை உண்டு.

மாமாவின் குழுவில் வாத்தியார் ஒரு கூத்து நோட்டு வைத்திருந்தார். அவர் காலத்துக்குப் பின் அது என் பார்வைக்கு வந்தது. விருத்தம், தரு, கந்தார்த்தம் எல்லாம் ஒழுங்காக எழுதப்பட்டிருந்தன. கட்டியக்காரன் பேசவேண்டிய இடங்களில் மட்டும் 'வசனம்' என்று ஒரு சொல். அதன் கீழே இரண்டு விரல் அகலத்துக்கு வெற்றிடம். பக்கத்துக்குப் பக்கம் அதே சொல், அதே வெற்றிடம். மாமா நாற்பது ஆண்டுகள் பேசியதெல்லாம் அந்த வெற்றிடத்தில்தான் இருந்தது.

அவர் உயிரோடிருந்தபோது ஒருமுறை, நீங்கள் சொல்வதை எல்லாம் எழுதிவைக்கலாமே மாமா என்று கேட்டிருக்கிறேன். "எழுதி வச்சிக்கினா அடுத்த ஊர்லயும் அதையே சொல்லச் சொல்லுவாங்கடா. அந்த ஊரு வேற, இந்த ஊரு வேற" என்றார். மறுக்க முடியாத பதில். ஆனால் இன்று மாமாவைத் தெரியாதவர்களுக்கு, என் பிள்ளைகள் உட்பட, அவர் எப்படிப்பட்ட கலைஞர் என்று காட்ட என்னிடம் எதுவும் இல்லை. மடக்கிச் சிரிக்கவைத்தார், திடீரென்று அழவைத்தார் என்று சொல்லலாம். அது சான்றாகுமா?

சுவாமிகள் மாமாவுக்கு நேர் எதிரான முடிவை எடுத்தவர். அன்றைய நாடக மேடையில் வளர்ந்த நடிகர்கள் தங்கள் விருப்பம்போல் பேசினார்கள். கதை எங்கோ போகும். எதிரே நிற்பவரை மடக்கிக் கைதட்டல் வாங்குவதே நோக்கமாகிவிடும். முதிர்ந்தவர்களைக் கட்டுக்குள் கொண்டுவர முடியாது என்று கண்டபின் அவர் சிறுவர்களிடம் திரும்பினார். அவருடைய நாடகங்கள் நாயன்மார் வாக்கும் குறளும் பழமொழியும் கலந்த, சந்தம் தவறாத, நீதி தவறாத பிரதிகள். இத்தாலியில் முகமூடி நாடகத்தின் கட்டற்ற பேச்சை ஒழுங்குபடுத்த கோல்டோனி 1740-களில் முழு வசனமும் எழுதப்பட்ட நாடகங்களைக் கொண்டுவந்தாரே, அதைப் போன்ற ஒரு சீர்திருத்தம் என்று சொல்லலாம். ஆனால் கோல்டோனி மேசையிலிருந்து எழுதிய ஆசிரியர். சுவாமிகளோ தாமே ஆசுகவி. தமக்குக் கைவந்த சுதந்திரத்தைப் பிறருக்கு மறுத்தவர். பாலர் சபைகளின் கட்டுப்பாடு எத்தகையது என்பதை அவற்றில் வளர்ந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். வீட்டைப் பிரிந்த குழந்தைகள், நாள் முழுக்கப் பாடம், இரவு முழுக்க நாடகம். அந்த ஒழுங்குக்கு விலை கொடுத்தவர்கள் சிறுவர்கள் என்பதையும் மறக்கக்கூடாது.

இதில் ஒரு முரண் இருக்கிறது. பாலர் சபைகள் மறைந்துவிட்டன. ஒழுங்குக்காக அவர் உருவாக்கிய அமைப்பு எதுவும் நிற்கவில்லை. நின்றது ஸ்பெஷல் நாடகம். அது எப்படி நடக்கிறது என்று அறியாத நண்பர்களுக்குச் சொல்கிறேன். அதில் நிரந்தரக் குழு கிடையாது. ராஜபார்ட் ஓர் ஊர், ஸ்திரீபார்ட் வேறோர் ஊர், பபூன் இன்னோர் ஊர், ஆர்மோனியக்காரர் மற்றோர் ஊர். கோயில் திருவிழாவுக்கு ஒவ்வொருவரையும் தனித்தனியே பேசி அமர்த்துவார்கள். இரவு பத்து மணிக்கு மேடைக்குப் பின்னால் கூடுவார்கள். ஒத்திகை இல்லை. சில வேளை ஒருவரை ஒருவர் முன்பின் பார்த்ததும் இல்லை. விடியும்வரை நாடகம் நடக்கும். இது எப்படிச் சாத்தியம்? எல்லோருக்கும் சுவாமிகளின் வள்ளி திருமணமும் பவளக்கொடியும் சத்தியவான் சாவித்திரியும் தெரியும் என்பதால்தான் சாத்தியம். அந்தப் பிரதி எல்லோருக்கும் பொதுவான தரை. அதன்மேல் நின்றுகொண்டு நாரதரும் வள்ளியும் மணிக்கணக்கில் தர்க்கம் செய்கிறார்கள். கேள்வி அந்த நொடியில் பிறக்கிறது, பதிலும் அப்படியே. எந்தப் பேச்சை அடக்க அவர் எழுதினாரோ, அந்தப் பேச்சு அவருடைய எழுத்தின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. அதனால்தான் எழுத்தும் பிழைத்தது.

அந்தச் சுதந்திரம் வெறும் விளையாட்டும் அல்ல. தியாகி விசுவநாத தாஸை (1886-1940) நினைத்துக்கொள்ளலாம். 1876-ஆம் ஆண்டின் நாடகக் கட்டுப்பாட்டுச் சட்டம் ஆங்கிலேய அரசிடம் இருந்தது. பிடிக்காத நாடகத்தைத் தடைசெய்யலாம். வள்ளி திருமணத்தை எப்படித் தடைசெய்வது? அது முருகன் கதை. தினைப்புனத்தில் பறவை விரட்டும் காட்சியில் விசுவநாத தாஸ் வெள்ளைக் கொக்கைப் பற்றிப் பாடினார். எந்த வெள்ளை என்று அவைக்குத் தெரியும், போலீசுக்கும் தெரியும். பலமுறை சிறை சென்றார். 1940 டிசம்பர் 31 இரவு சென்னையில் முருகன் வேடத்தில் மேடையிலேயே உயிர் பிரிந்தது. சுவாமிகளின் நாடகம் இடம்கொடுக்காவிட்டால் அந்தக் கொக்கு எங்கே பறந்திருக்கும்?

அந்தத் தினைப்புனத்தைப் பற்றி எங்கள் பக்கத்துக்காரனாக ஒன்றைச் சொல்லிக்கொள்ள ஆசை. வள்ளி பிறந்ததாகச் சொல்லப்படும் வள்ளிமலை தென்பாண்டி நாட்டில் இல்லை. வேலூர் மாவட்டத்தில், காட்பாடிக்கு அப்பால் இருக்கிறது. சவ்வாது மலையில் இன்றும் சாமை விளைகிறது. தெற்கே ஆயிரக்கணக்கான இரவுகளில் நடித்துத் தீராத கதையின் மண் எங்களுடையது. ஆனால் அதைப் பாட்டாக்கித் தந்தவர் தூத்துக்குடி உப்புக் கணக்கர். கட்டியக்காரனின் வெற்றிடமும் ஸ்பெஷல் நாடகத்தின் தர்க்கமும் ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றத் தொடங்கியதும் இதனால்தான். வேறுபாடு இவ்வளவே: அங்கே வெற்றிடத்தைச் சுற்றி ஒரு கவி பெயரோடு நிற்கிறார். எங்கள் நோட்டில் சுற்றியிருந்த பாட்டுகளை யார் எழுதினார்கள் என்பதும் தெரியாது.

1921-இல் சுவாமிகளைப் பக்கவாதம் தாக்கியது. கையும் காலும் முடங்கின. பேச்சும் போயிற்று. கேட்ட மாத்திரத்தில் பாடிய வாய். வாழ்வே நாவில் இருந்த ஒருவருக்கு இதைவிடக் கொடுமை இல்லை. காளமேகமாக மட்டும் அவர் இருந்திருந்தால் கதை அந்த நாளில் முடிந்திருக்கும். ஆனால் அவர் வாய் மூடிய பின்னும் அவருடைய சொற்களைப் பிள்ளைகள் இரவுதோறும் மேடையில் பேசிக்கொண்டிருந்தார்கள். 1922 நவம்பர் 13-ஆம் நாள் புதுச்சேரியில் காலமானார். கருவடிக்குப்பத்தில் அடக்கம் செய்தார்கள். புதுவைப் பல்கலைக்கழகத்தின் நிகழ்கலைப் பள்ளி இன்று அவர் பெயரைத் தாங்கியிருக்கிறது. நாடகக் கலைஞர்கள் ஆண்டுதோறும் அவருக்குக் குருபூசை செய்கிறார்கள். அவர் எழுதியவற்றில் பல கிடைக்கவில்லை. கிடைத்தவையே ஒரு நூற்றாண்டாகப் பல குடும்பங்களுக்குச் சோறு போட்டிருக்கின்றன.

என் கேள்விக்கு நான் எட்டிய விடை இதுதான். சுவாமிகள் எழுதியது தம் கவித்துவத்தைக் காப்பாற்ற அல்ல. அப்படியானால் அச்சில் தமக்கென்று ஒரு பிரபந்தம் பாடி வைத்திருப்பார். நினைத்தவுடன் பாட வராதவர்களும் மேடையில் நின்று பிழைக்கவேண்டும் என்று எழுதினார். ஆசுகவி என்பது ஒருவருக்கு வாய்ப்பது; அதைப் பாடமாக்கினால்தான் நூறு பேருக்கு ஆகும். மாமா சொன்னதும் பொய்யல்ல. அந்த ஊர் வேறு, இந்த ஊர் வேறு. ஆனால் இரண்டு ஊரிலும் நிற்க ஒரு தரை வேண்டியிருக்கிறது. எங்கள் கூத்து வாத்தியார் எழுதிய பாட்டுகளும் மாமாவின் வெற்றிடமும் சேர்ந்துதான் கூத்து. ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைப் பழிப்பதில் பொருள் இல்லை.

சுவாமிகளின் நாடகங்கள் அச்சில் கிடைக்கின்றன. மௌனமாக வாசித்தால் பழமையாகத் தோன்றும். ஸ்க்ரிச்சிக்கு நேர்ந்தது இவருக்கும் நேரும். வாய்ப்புள்ள நண்பர்கள் கோடையில் மதுரைக்கோ புதுக்கோட்டைக்கோ போனால், ஏதாவதொரு கிராமத்துத் திருவிழாவில் வள்ளி திருமணம் பாருங்கள். பபூன் வந்துபோனதும் எழுந்துவிடாதீர்கள். நள்ளிரவு தாண்டித்தான் நாரதர் வருவார். அன்று மாலைதான் அறிமுகமான இருவர் எதிரெதிரே நின்று, ஒருவர் கேட்க மற்றவர் பதில் சொல்ல, அவ்வப்போது இருவரும் ஒரே பாட்டுக்குத் திரும்பி வருவதைக் கேட்பீர்கள். அந்தப் பாட்டு சுவாமிகளுடையது.